பால் கக்கும் பச்சிளங் குழந்தையை இரவில் எங்கே உறங்க வைப்பது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

"கக்குகிற பிள்ளை தக்கும்" என்பது நம் ஊர்ப்புறங்களில் வழங்கும் பழமொழி. குடித்த பாலில் கொஞ்சத்தைக் கக்கிவிடும் குழந்தை குறையின்றி வளரும் என்பது அதன் பொருள். தலைப்பிள்ளை பெற்ற தாய், தோளில் போட்ட துணியெல்லாம் நனைவது கண்டு கலங்கும்போது வீட்டுப் பெரியவள் இவ்வாக்கைச் சொல்லித் தேற்றுவாள். இன்றைய குழந்தை மருத்துவமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது.

ஆனால், பகலில் தேற்றும் பழமொழி இரவில் உதவுவதில்லை. விளக்கை அணைக்கும் நேரத்தில் வேறொரு கேள்வி எழுகிறது. கக்குகிற பிள்ளையை எங்கே கிடத்துவது? தூளியிலா, பாயிலா, கட்டிலிலா, தாயின் மார்பிலா? மல்லாத்தியா, ஒருக்களித்தா, குப்புறவா? தலைமாட்டுக்கு அணை கொடுத்து உயர்த்த வேண்டுமா? எல்லாரும் உறங்கிய பின் பால் மேலேறி மூச்சில் புகுந்துவிட்டால் என்ன செய்வது? இந்த அச்சத்தாலேயே பல தாய்மார்கள் இரவெல்லாம் கண்விழித்துக் கிடக்கிறார்கள்.

இக்கேள்விக்கு விடை, நாம் உடற்கூறு பாடத்தில் வரைந்து பழகிய ஒரு படத்திலேயே இருக்கிறது. அந்தப் படத்தையும், இக்கேள்விக்கு மேலைநாடுகள் நெடுங்காலம் தவறான விடை சொல்லிவந்த வரலாற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

பால் ஏன் மேலே வருகிறது?

உணவுக்குழல் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை உண்டு. விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிடும். மற்ற நேரங்களில் சுருங்கி மூடிக்கொள்ளும். சுருக்குப்பையின் வாயைப் போன்றது எனலாம். விழுங்காத நேரத்திலும் அது அவ்வப்போது சில நொடிகள் தளர்வதுண்டு. அவ்வேளையில் இரைப்பையில் உள்ளது மேல்நோக்கி வருவதையே எதுக்களித்தல் என்கிறோம். இது பெரியவர்களுக்கும் நிகழ்கிறது. ஆனால் பெரியவர்களின் உணவுக்குழல் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுடையது; பிறந்த குழந்தையின் உணவுக்குழலோ 8 முதல் 10 சென்டிமீட்டரே. மேலும், குழந்தையின் உணவு முழுவதும் நீர்மம், இரைப்பை சிறிது, உடல் அளவைக் கொண்டு பார்த்தால் அது குடிக்கும் பாலோ மிகுதி, நாளின் பெரும்பகுதி அது படுத்தே கிடக்கிறது. ஆகவே பால் வாய்வரை வந்துவிடுவதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் பாதிப்பேர் நாளொன்றுக்கு ஒருமுறையேனும் கக்குகின்றனர். நான்காம் மாதத்தில் இது மூன்றில் இரண்டு பங்காக உயர்கிறது. ஓராண்டு நிறையும்போது இருபதில் ஒரு குழந்தையே கக்குகிறது. குழந்தை உட்காரத் தொடங்கி, கெட்டியான உணவுக்கு வந்து, நடக்கவும் முற்படும்போது இது தானாகவே நின்றுவிடுகிறது. எடை கூடி, முகம் மலர்ந்து விளையாடும் குழந்தைக்கு இது நோயன்று. வளர்ச்சியில் ஒரு பருவம். பழமொழி பொய்யுரைக்கவில்லை.

ஒரு வீட்டில் மூன்று கருத்துகள்

என் தமக்கை தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்தபோது இக்கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. ஓர் அறையும் ஒரு திண்ணையும் கொண்ட வீடு. குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆனபோது கக்கல் மிகுந்தது. தூளியில் போட்டால் தலை மேலிருக்கும், பால் கீழேயே நிற்கும் என்றார் அம்மா. ஒருக்களித்துப் போட்டு முதுகுப்புறம் துணிச்சுருள் ஒன்றை அணைகொடுக்க வேண்டும் என்றார் அப்பத்தா. மார்பில் குப்புறப் போட்டுக்கொண்டால்தான் பிள்ளை அழாமல் உறங்குகிறது என்றாள் அக்கா. பார்க்க வந்த கிராம சுகாதார செவிலியர், "மல்லாக்கத்தான் போடணும், தட்டையான இடத்துல போடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டிற்குச் சென்றார்.

அவர் போனதும் அப்பத்தா கேட்டார்: "மல்லாக்கப் போட்டு, கக்குனது உள்ள போயிட்டா யாருடா பதில் சொல்றது? நீதான படிக்கிற, நீ சொல்லு."

கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நான் ஒருவனே. அந்தப் பிள்ளைக்குத் தாய்மாமனும் நானே. 'செவிலியர் சொன்னார்' என்பது மட்டும் அக்கேள்விக்குப் பதிலாகாது. காரணம் சொல்ல வேண்டும். எனவே பாடநூலைப் புரட்டினேன்; எங்கள் துறை விரிவுரையாளர்களிடம் கேட்டேன்; நூலகத்தில் தேடினேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இரு குழல்களின் பாடம்

கழுத்தின் குறுக்குவெட்டுப் படத்தை நினைவுகூர்வோம். முன்புறம் மூச்சுக்குழல்; அதன் பின்புறம், முதுகெலும்பை ஒட்டி உணவுக்குழல். நிற்கும்போது இவை முன்னும் பின்னுமாக உள்ளன. மல்லாந்து படுக்கும்போது என்ன ஆகிறது? மூச்சுக்குழல் மேலே வருகிறது. உணவுக்குழல் கீழே அமைகிறது. இப்போது பால் எதுக்களித்து வந்தால், அது மூச்சுக்குழலில் புக மேல்நோக்கி ஏற வேண்டும். நீர்மம் தானாக மேடேறாது. அது தொண்டையின் பின்பக்கத்தில் தேங்கும். குழந்தை அதை விழுங்கிவிடும். அல்லது வாய்வழியே வழியவிடும்.

குப்புறப் படுத்தாலோ நிலைமை தலைகீழ். உணவுக்குழல் மேலேயும் மூச்சுக்குழல் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்த பால் மூச்சுக்குழலின் வாயில் வந்து தேங்குவதற்கு வழியேற்படுகிறது.

இதை அப்பத்தாவுக்கு விளக்க இரண்டு பப்பாளிக் காம்புகள் போதுமாயின. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். "மேல இருக்கது மூச்சு, கீழ இருக்கது பாலு. கீழ வர்ற பாலு மேல ஏறுமா?" என்றேன். காம்புகளை வாங்கி அவரே திருப்பிப் பார்த்தார். "அப்ப குப்புறப் போட்டாத்தான் மோசம்னு சொல்லு" என்றார்.

குழல்களின் அமைப்பு மட்டுமன்றி இயற்கை வேறொரு காவலையும் வைத்திருக்கிறது. குரல்வளையின் வாயில் ஒரு துளி நீர்மம் பட்டாலும் குழந்தை விழுங்கும், இருமும், அல்லது விழித்துக்கொள்ளும். நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்கு இக்காவல் நன்றாகவே இயங்குகிறது. மல்லாந்து கிடக்கும் குழந்தை கக்கிவிட்டு இருமுவதைக் கண்டு நாம் பதறுகிறோம். உண்மையில் அந்த இருமல்தான் அதன் காவற்காரன். குப்புற உறங்கும்போது விழுங்கும் வேகம் குறைகிறது. உறக்கத்திலிருந்து விழிப்பதும் கடினமாகிறது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கவும் நேர்கிறது. அதாவது, காவற்காரன் மிகவும் தேவைப்படும் நிலையிலேயே அவன் கண்ணயர்ந்துவிடுகிறான்.

ஒருக்களித்துப் போடுவது இரண்டுக்கும் நடுவான வழிபோலத் தோன்றும். ஆனால் பக்கவாட்டில் கிடக்கும் சிறு குழந்தையின் உடல் நிலையாக நிற்பதில்லை. சற்றே அசைந்தாலும் அது குப்புறச் சரிந்துவிடும். திரும்பி மீளும் வலிமையோ அதற்கு இல்லை. அணைகொடுத்த துணிச்சுருளும் முகத்தருகே வந்து மூச்சை மறைக்கலாம். எதுக்களிப்புக்கு ஒருக்களிப்பு மருந்தாகாது.

நல்லெண்ணம் செய்த கேடு

இவ்வளவு எளிய விளக்கம் இருக்க, உலகம் இதனை முன்பே ஏற்றிருக்கும் என்று நாம் எண்ணலாம். நடந்தது வேறு.

அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் 1946-இல் வெளிவந்தது. கோடிக்கணக்கான படிகள் விற்ற நூல் அது. 1950-களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகளில், குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்ற அறிவுரை இடம்பெற்றது. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் புரையேறிவிடும் என்பதும் அதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று. அப்பத்தாவின் அச்சமும் அந்த மருத்துவரின் அச்சமும் ஒன்றே! கேட்பதற்குப் பொருத்தமாக இருந்ததால் மருத்துவர்களும் செவிலியர்களும் அதனைப் பின்பற்றினர், தாய்மார்களும் நம்பினர்.

அந்நாடுகளில், எந்த நோயுமின்றி இரவில் உறங்கச் சென்ற குழந்தை காலையில் இறந்துகிடக்கும் துயரம் பெருகிற்று. இதனைத் திடீர்ச் சிசு மரணம் என்றும் தொட்டில் மரணம் என்றும் அழைத்தனர். 1980-களில் ஆய்வாளர்கள் இறந்த குழந்தைகளையும் உயிரோடிருக்கும் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். நியூசிலாந்தில் 1987 முதல் 1990 வரை நடந்த ஆய்வும், இங்கிலாந்தின் ஏவன் வட்டாரத்தில் பீட்டர் பிளெமிங் முதலியோர் நடத்தி 1990-இல் வெளியிட்ட ஆய்வும் ஒரே திசையைக் காட்டின. குப்புறப் படுக்கவைத்த குழந்தைகளுக்கே ஆபத்து பலமடங்கு மிகுதி.

பிரிட்டனில் 1991-இலும், அமெரிக்காவில் 1994-இலும், குழந்தைகளை மல்லாத்திக் கிடத்துமாறு நாடு தழுவிய பிரசாரம் தொடங்கிற்று. அமெரிக்காவில் 1992-இல் 1,000 பிறப்புகளுக்குச் சுமார் 1.2 என்றிருந்த திடீர்ச் சிசு மரணம், பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கியது. எல்லாரும் அஞ்சியபடி புரையேறி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியதா என்றால், கூடவில்லை. லட்சக்கணக்கான குழந்தைகள் மல்லாந்து உறங்கத் தொடங்கிய பின்னும் அது கூடவில்லை. இதைவிடப் பெரிய சான்று வேறென்ன வேண்டும்?

2005-ஆம் ஆண்டு ரூத் கில்பர்ட் முதலிய ஆய்வாளர்கள் பழைய சான்றுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி ஒரு கணக்குப் போட்டனர். அதுவரை கிடைத்திருந்த சான்றுகளை முறைப்படி தொகுத்துப் பார்த்திருந்தால், குப்புறக் கிடத்துவது தீங்கு என்பது 1970-இலேயே புலப்பட்டிருக்கும்; பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருப்பர் என்பது அவர்கள் கண்ட முடிவு. பொருத்தமாகத் தோன்றிய ஒரு காரணத்தைச் சோதித்துப் பாராமல் நம்பியதற்கு மனித இனம் கொடுத்த விலை இது. அறிவியல் மாணவராகிய நாம் மறக்கக்கூடாத எண்கள் இவை.

குப்புறக் கிடத்தினால் கக்குவது குறைகிறது என்பது பொய்யன்று. உணவுக்குழல் இரைப்பையோடு சேரும் வாய் முதுகுப்பக்கமாக உள்ளது. மல்லாந்து கிடந்தால் அந்த வாய் பாலில் மூழ்கியிருக்கும். குப்புறக் கிடந்தால் பாலுக்கு மேலே நிற்கும். ஆகவே குப்புறக் கிடக்கும் குழந்தையின் எதுக்களிப்பு குறைவது இயல்பே. ஆனால் குறைவது கக்கல். கூடுவது மரண ஆபத்து. நனைந்த துணியை மாற்றலாம். நின்ற மூச்சை மாற்ற முடியாது. உறங்கும் இடத்தைத் தேர்வதற்கு உரைகல் பாலன்று, மூச்சே என்பதுதான் இக்கட்டுரையின் மையக் கருத்து.

தலைமாட்டை உயர்த்தினால்?

மல்லாத்திக் கிடத்துவோம், ஆனால் தலைப்பக்கத்தை உயர்த்திவிடுவோம் என்பது அடுத்த யோசனை. புவியீர்ப்பு பாலைக் கீழே வைத்திருக்கும் என்று இதற்குக் காரணம் கூறுவர். இதுவும் பொருத்தமாகவே தோன்றுகிறது. சோதனை வேறு விதமாகச் சொல்கிறது. சாய்வு இருக்கையில் வைத்த குழந்தைகளுக்கு எதுக்களிப்பு குறையவில்லை என்பதையும், குப்புறக் கிடந்தபோது இருந்ததைவிட மிகுந்தே இருந்தது என்பதையும் 1983-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. சரிந்து உட்காரும் குழந்தையின் உடல் நடுவில் மடிகிறது, வயிறு அழுந்துகிறது, அழுத்தம் பாலை மேலே தள்ளுகிறது.

மேலும், கழுத்தில் வலுவில்லாத குழந்தையின் தலை சரிவில் முன்னே கவிழ்ந்து, முகவாய் மார்பில் படும். ஈர்க்குச்சி போன்று மெல்லிய அந்த மூச்சுக்குழல் மடங்கினால் காற்று செல்லும் வழி குறுகிவிடும்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் பிஷர்-பிரைஸ் நிறுவனம் 2009-இல் சாய்வான குழந்தைப் படுக்கை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கக்கும் குழந்தைகளுக்கு ஏற்றது என்று எண்ணிப் பெற்றோர் பலர் அதனை வாங்கினர். குழந்தை மரணங்கள் தெரியவந்தபின், 2019 ஏப்ரலில் ஏறத்தாழ 47 லட்சம் படுக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. 2022-ஆம் ஆண்டு, குழந்தைகள் உறங்குவதற்கென்று 10 பாகைக்கு மேல் சாய்வுடைய படுக்கைகளைச் செய்வதையும் விற்பதையும் தடைசெய்யும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் குழந்தைக் குடல்நோய் வல்லுநர் சங்கங்கள் 2018-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், உறங்கும் குழந்தையின் எதுக்களிப்பைக் குறைப்பதற்காகத் தலையை உயர்த்துவதோ, ஒருக்களித்தோ குப்புறவோ கிடத்துவதோ கூடாது என்றே கூறுகிறது.

தூளியின் கதை

இனி நம் தூளிக்கு வருவோம். உத்தரத்தில் கட்டிய தாயின் பழஞ்சேலை, அதன் மணம், இதமான ஆட்டம், அருகில் ஒரு தாலாட்டு. தூளியில் உறங்காத தமிழ்ப் பிள்ளை யார்? சில குடும்பங்களில் தொட்டில் கட்டும் சீரே தாய்மாமனுடையதாயிருக்க, அதனைக் குறைகூற என் நா எழவில்லை. ஆயினும் தூளியின் வடிவத்தை ஒரு விலங்கியல் மாணவன் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேலை வில்லாக வளைகிறது. குழந்தையின் முதுகும் வளைகிறது, முகவாய் மார்பை நெருங்குகிறது, வயிறு மடிகிறது. சாய்வுப் படுக்கையில் என்ன குறையோ அதுவே இங்கும். பக்கச் சேலை முகத்தோடு ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே கக்கியிருக்கிறதா, முகம் எப்படியிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை. குழந்தை சற்று வளர்ந்து புரளத் தொடங்கினால் சேலைக்குள் குப்புறச் சிக்கிக்கொள்ளும். வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகள் தூளியில் முறுக்கி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கிய விபத்துகளை நாளிதழ்களில் அவ்வப்போது காண்கிறோம்.

"உங்கப்பனையும் அத்தைகளையும் தூளியிலதான வளர்த்தேன்?" என்று அப்பத்தா கேட்டார். பிறகு அவரே சற்று நேரம் பேசாமலிருந்து, "ஒம்போது பெத்தேன். மூணு தங்கல" என்றார். அந்த மூன்றும் எதனால் தங்கவில்லை என்பதை இன்று யாரும் கூற முடியாது. தூளியின்மேல் அப்பழியைப் போடுவதும் முறையன்று. ஆனால் ஒன்று விளங்கிற்று. 'இப்படித்தான் வளர்த்தோம், எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன' என்று நாம் சொல்லும்போது, இருக்கின்றவர்களை மட்டுமே எண்ணுகிறோம். ஆராய்ச்சி என்பது இல்லாதவர்களையும் சேர்த்து எண்ணுவது.

எங்கள் வீட்டில் எட்டிய முடிவு இது: பகலில் ஒருவர் அருகிலேயே விழித்திருந்து முகம் பார்த்தபடி சற்றுநேரம் தூளியாட்டலாம், கண் அயர்ந்ததும் பாய்க்கு மாற்ற வேண்டும், இரவில் தூளி இல்லை.

ஆக, எங்கே?

இரவில் குழந்தை உறங்கும் இடத்திற்கு நான்கு இலக்கணங்கள் கூறலாம்.

முதலாவது, தட்டையாக இருக்க வேண்டும். சரிவு வேண்டா, தலையணையும் வேண்டா.

இரண்டாவது, கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கும் இலவம்பஞ்சு மெத்தையில் முகம் புதைந்துவிடும். இவ்விரு இலக்கணங்களுக்கும் மிகப் பொருந்துவது எது தெரியுமா? தரையில் விரித்த கோரைப் பாயும், அதன்மேல் சுருக்கமின்றி இறுக மடித்து விரித்த பழஞ்சேலையுமே. விலையுயர்ந்த மெத்தை வாங்க வழியில்லை என்று வருந்தும் ஏழைத்தாயின் வீட்டில், வல்லுநர் கேட்கும் படுக்கை முன்பே இருக்கிறது. அடிப்பாகம் தட்டையான, கம்பிகளின் இடைவெளி குறுகிய மரத்தொட்டிலும் நன்றே.

மூன்றாவது, படுக்கை வெறுமையாக இருக்க வேண்டும். குழந்தையின் முகத்தருகே தலையணை, துணிமூட்டை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் கூடாது. கொசுவுக்குக் குடைபோல் விரியும் சிறு வலை போதும். அது முகத்தைத் தொடாதிருக்க வேண்டும். தலையை மூடிக் கட்டுவதும், புழுக்கத்தில் துணிமேல் துணி சுற்றுவதும் தீங்கு.

நான்காவது, தாயின் கைக்கெட்டும் தொலைவில், ஆனால் தனக்கென ஓர் இடத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதமேனும் பெற்றோர் உறங்கும் அறையிலேயே குழந்தையும் உறங்குவது காப்பாகும். ஓரறை வீட்டினருக்கு இது தானே அமைந்த நன்மை. தாயின் பாயை ஒட்டிக் குழந்தைக்குத் தனிப் பாய் விரிக்கலாம். ஒரே பாயில் நால்வர் நெருங்கிப் படுக்கும்போது, அயர்ந்த உறக்கத்தில் ஒரு கை குழந்தையின் முகத்தில் விழுவது யாருடைய குற்றமும் அன்று. ஆனாலும் ஆபத்து ஆபத்தே. பீடி, சிகரெட் புகைப்பவரோ மது அருந்தியவரோ குழந்தையோடு படுக்கவே கூடாது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் தனியிடம் இன்னும் இன்றியமையாதது. நள்ளிரவில் பாலூட்டும் தாய் சோபாவிலோ நாற்காலியிலோ சாய்ந்தபடி உறங்கிவிடுவது எல்லாவற்றினும் கொடிது. மார்பில் குப்புறக் கிடக்கும் பிள்ளையும் அவ்வாறே. தாய் விழித்திருக்கும் வரை அது தாய்மடி, தாய் உறங்கியபின் அது பாதுகாப்பற்ற படுக்கை.

இவ்விடத்தில் ஒவ்வொரு முறையும் குழந்தையை மல்லாத்தியே கிடத்த வேண்டும். நான்கு முதல் ஆறு மாத அளவில் தானாக இருபுறமும் புரளக் கற்றபின், அது உறக்கத்தில் புரண்டால் எழுப்பித் திருப்ப வேண்டியதில்லை. கிடத்தும்போது மல்லாத்திக் கிடத்தினால் போதும். விழித்திருக்கும்போது, நாம் பார்த்திருக்கக் குப்புறக் கிடத்தி விளையாடவிடலாம். கழுத்தும் தோளும் அதனால் வலுப்பெறும்.

விழித்திருக்கும்போது செய்ய வேண்டியவை

கக்கலைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு; ஆனால் அது உறங்கும் நேரத்து வேலையன்று. பாலூட்டியபின் 20 முதல் 30 நிமிடம் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்திருக்கலாம். நடுநடுவே முதுகைத் தடவி ஏப்பம் வரச்செய்யலாம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஒரே வேளையில் நிறையப் புகட்டாமல் சிறிது சிறிதாகப் பலமுறை தரலாம். குடித்த உடனே வயிற்றை அழுத்தும்படி இறுகக் கட்டுவதையும் ஆட்டுவதையும் தவிர்க்கலாம். கக்குகிறது என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா. ஓராண்டுக்குட்பட்ட குழந்தையின் நாவில் தேன் தடவுவது கொடிய நச்சுநோய்க்கு இடம் தரும். வீட்டுக்குள் புகைப்பது கக்கலுக்கும் தீங்கு, மூச்சுக்கும் தீங்கு.

இந்த வேலைகளை வீட்டார் பங்கிட்டுக்கொள்ளலாம். நள்ளிரவில் பாலூட்டிக் களைத்த தாயின் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, அரைமணி நேரம் தோளில் போட்டு நடப்பதற்குத் தந்தைக்கும் தாய்மாமனுக்கும் தோள்கள் இருக்கின்றன.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

எல்லாக் கக்கலும் இயல்பானதன்று. பச்சை நிறத்தில் வாந்தியெடுத்தாலோ, இரத்தம் கலந்து வந்தாலோ, பிறந்த சில வாரங்களில் குடிக்கும்போதெல்லாம் பால் பீய்ச்சியடித்து வெளிவந்தாலோ, எடை கூடாவிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சலோ வயிற்று உப்புசமோ இருந்தாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, உடல் நீலம் பாரித்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆறு மாதத்திற்குப் பின் புதிதாகத் தொடங்கும் கக்கலையும், ஓராண்டு கடந்தும் நிற்காத கக்கலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிறவியிலேயே குரல்வளைக் குறைபாடு முதலியன உள்ள சில குழந்தைகளுக்கு மருத்துவர் வேறுவிதமாகக் கூறலாம். அவர்கள் அவர் சொற்படியே நடக்க வேண்டும்.

முடிவுரை

கக்கும் குழந்தையை இரவில் எங்கே உறங்க வைப்பது என்ற வினாவுக்கு விடை இதுவே: தாயின் அருகில், தட்டையான கெட்டியான தனிப் படுக்கையில், மல்லாத்தி. கக்காத குழந்தைக்கு எதுவோ, கக்கும் குழந்தைக்கும் அதுவே. எதுக்களிப்பைத் தோளில் கவனிப்போம். உறக்கத்தில் மூச்சைக் கவனிப்போம்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், தம் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். நாம் படிக்கும் படிப்பு வேலைக்கா, பட்டத்திற்கா என்று கேட்பவர் உண்டு. வேலை வரும்போது வரட்டும். அதற்கு முன்பே நம் வீட்டில் ஒரு கேள்வி நம்மை நோக்கி வரும். 'நீதான படிக்கிற, நீ சொல்லு' என்று கேட்கும். அப்போது பெரியவர்களின் அனுபவத்தை இகழாமலும், அதனைக் கண்மூடி ஏற்காமலும், காரணத்தைக் கையில் எடுத்துக் காட்டும் கடமை நமக்கு உண்டு. ஸ்பாக் போன்ற பெருமருத்துவரின் சொல்லையே சோதித்துத் திருத்திய துறை அறிவியல். அதன் மாணவர் நாம்.

கக்கிய பாலால் இரவில் நான்கு துணி நனையலாம். பொழுது விடிந்ததும் அவற்றைத் துவைத்துக் கொடியில் போடலாம். பிள்ளை பக்கத்திலேயே கால் உதைத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். அதுவன்றோ வேண்டுவது!